வெளுத்ததெல்லாம் பால் அல்ல

சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. அந்தப் பக்கம் நிலத்தைத் தோண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஏற்காடு மலைப்பாதையின் வளைவுகளில் நின்று பார்த்தால், யாரோ மாவு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனதுபோல் தெரியும். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆவணங்களில் அந்தக் குன்றுகளைச் 'சாக் ஹில்ஸ்' என்று எழுதிவைத்தார்கள், அதாவது சீமைச் சுண்ணாம்புக் குன்றுகள். அங்கே இருப்பது சுண்ணாம்பு அல்ல. மக்னீசியம் கார்பனேட். எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கும் செங்கல்லுக்கு மூலப்பொருள். ஊரில் அதற்குப் பெயர் வெள்ளைக்கல்.

எட்டாம் வகுப்பில் அந்தக் கல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், "சார், சுண்ணாம்புக்கல்" என்று நீட்டினேன். சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் முட்டை ஓட்டுத் துண்டையும், பக்கத்தில் என் கல்லிலிருந்து உடைத்த சில்லையும் வைத்து, இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினார். முட்டை ஓடு சீறி நுரைத்தது. என் கல் சும்மா கிடந்தது. பிறகு அதே சில்லைச் சோதனைக் குழாயில் போட்டு, அமிலம் ஊற்றி, விளக்கில் காட்டினார். சூடு ஏறியதும் அதுவும் நுரைக்கத் தொடங்கியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு, அமிலத்துக்கு இரண்டாகத் தெரிந்தன. சூடான அமிலத்துக்கு மறுபடி ஒன்றாகிவிட்டன.

துகள் இயற்பியலில் அரிதான துகள்களைத் தேடும் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கண்ணாடித் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. பத்திரிகைச் செய்திகள் இந்த வேலையை வைக்கோல் போரில் ஊசி தேடுவதாக எழுதுகின்றன. அந்த உவமை எனக்குப் பிடிப்பதில்லை. ஊசி வைக்கோலைப் போல் இருப்பதில்லை. கையில் குத்தினால் தெரிந்துவிடும். இங்கே தேடும் பொருளும் தேடாத பொருளும் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே வடிவம். நேரத்தில் பெரும்பகுதி ஊசியைத் தேடுவதில் போவதில்லை. வைக்கோலை அளப்பதில்தான் போகிறது.

2023 மார்ச்சில் வெளியான ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஜெனீவாவுக்கு அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் இயங்கும் லார்ஜ் ஹாட்ரான் கொலைடரில், ஒரே மோதலில் நான்கு டாப் குவார்க்குகள் பிறப்பதைப் பார்த்துவிட்டோம் என்று அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரண்டு ஆய்வுக்குழுக்களும் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஹிக்ஸ் போசான் அளவுக்கு இந்தச் செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் இடம்பிடிக்கவில்லை. ஆனால் இந்தத் தேடலின் நுட்பம் புரிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்பேன்.

டாப் குவார்க் என்பது அடிப்படைத் துகள்களிலேயே மிகக் கனமானது. அதன் நிறை ஏறத்தாழ 173 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை ஆற்றலின் அலகிலேயே சொல்வது வழக்கம்). பழைய குண்டு பல்பின் இழையில் இருக்கும் டங்ஸ்டனின் ஓர் அணு ஏறக்குறைய அதே எடைதான். அந்த அணுவுக்குள் 74 புரோட்டான்களும் நூற்றுக்கும் மேற்பட்ட நியூட்ரான்களும் அடைந்து கிடக்கின்றன. டாப் குவார்க்குக்கு உள்ளே எதுவும் இருப்பதாக இதுவரை தெரியவில்லை, வெறும் புள்ளி. அது அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த இரு குழுக்களில் ஒன்றான டி-ஜீரோவில் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தாரும் இருந்தார்கள்.

டாப் பெரும்பாலும் தன் எதிர்த்துகளோடு, அதாவது அதே நிறையும் எதிரான மின்னூட்டமும் உள்ள துகளோடு, ஜோடியாகப் பிறக்கிறது. 2015–2018 ஓட்டத்தில், 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், இப்படிப்பட்ட ஜோடிகள் ஜெனீவாவில் கோடிக்கணக்கில் கிடைத்தன. இரண்டு ஜோடிகள் ஒரே மோதலில் பிறப்பதுதான் அபூர்வம். அதற்கு மட்டும் ஏறத்தாழ 690 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் நிறையாக மாற வேண்டும், அதாவது ஹிக்ஸ் போசானின் நிறையைப்போல் ஐந்தரை மடங்கு. கோட்பாட்டுக் கணக்குப்படி இதன் நிகழ்தகவு ஏறத்தாழ 12 ஃபெம்டோபார்ன். அலகு கிடக்கட்டும், ஒப்பீடு இதுதான்: சுமார் 70,000 டாப் ஜோடிகள் பிறந்தால் ஒரு நான்கு-டாப் நிகழ்வு. எல்லா வகைப் புரோட்டான் மோதல்களையும் கணக்கில் எடுத்தால் ஆறேழு லட்சம் கோடியில் ஒன்று.

இவ்வளவு அரிதானது எப்படிக் கிடைக்கிறது என்றால், மோதல்களை அந்த அளவுக்குக் கொட்டுகிறார்கள். புரோட்டான் கற்றைகள் விநாடிக்கு நான்கு கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. ஒவ்வொரு கடப்பிலும் முப்பதுக்கு மேற்பட்ட மோதல்கள். ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நான்கு-டாப் நிகழ்வு பிறந்தாக வேண்டும். சேலத்தில் கிளம்பிய பஸ் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் வந்து நிற்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நடந்த மற்ற பல லட்சம் கோடி மோதல்களையும் எழுதிவைக்க உலகில் எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் மின்னணுச் சுற்றுகள் முதல் கட்டத்தில் விநாடிக்கு ஒரு லட்சமாகவும், கணினிகள் அடுத்த கட்டத்தில் சுமார் ஆயிரமாகவும் சலித்துவிடுகின்றன. மீதி போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. எதைத் தூக்கியெறியலாம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு தேடுவதில் ஒரு துணிச்சல் இருக்கிறது.

2015 முதல் 2018 வரை சேர்ந்த தரவில் ஒவ்வொரு குழுவின் உணர்கருவிக்குள்ளும் 1,700 நான்கு-டாப் நிகழ்வுகள் வரை நடந்திருக்க வேண்டும். டாப் ஜோடிகளோ பதினோரு கோடிக்கு மேல்.

இனிதான் பிரித்தெடுக்கும் வேலை. டாப் குவார்க்கை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அதன் ஆயுள் ஒரு விநாடியின் கோடி கோடி கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. பிறந்த இடத்திலேயே டபிள்யூ போசான் என்ற மின்னூட்டமுள்ள கனத்த துகளாகவும் ஒரு பாட்டம் குவார்க்காகவும் சிதைகிறது. பாட்டம் குவார்க் சில மில்லிமீட்டர் ஓடிய பிறகே சிதைவதால், மோதல் நடந்த புள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இரண்டாவது புள்ளியிலிருந்து தடங்கள் கிளம்பும். அதை வைத்து அடையாளம் காண்கிறார்கள். டபிள்யூ போசான் மூன்றில் இரண்டு முறை குவார்க்குகளாகச் சிதைந்து துகள் தாரைகளாகத் தெறிக்கிறது. மூன்றில் ஒரு முறை எலக்ட்ரான், அதன் கனத்த உறவுகளான மியூவான், டாவ் ஆகியவற்றில் ஒன்றைத் தருகிறது.

தாரைகளை நம்பிப் பயனில்லை. புரோட்டான்கள் மோதினால் தாரைகள் எப்படியும் தெறிக்கும். சேலத்தில் மாம்பழக் காலத்தில் கடைவீதியில் மாம்பழ வாசனையைத் தடயமாக வைத்து ஒருவரைத் தேடுவதுபோல் ஆகிவிடும். எலக்ட்ரானும் மியூவானும் மேல். ஆனால் அவை டாப் ஜோடியிலிருந்தும் வருமே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது.

டாப் ஜோடியில் ஒன்று துகள், மற்றொன்று எதிர்த்துகள். ஒன்று நேர் மின்னூட்டமுள்ள டபிள்யூவையும் மற்றொன்று எதிர் மின்னூட்டமுள்ள டபிள்யூவையும் தரும். ஆகவே அவற்றிலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் வந்தால் ஒன்று நேர், ஒன்று எதிர் என்றுதான் வர முடியும். நான்கு டாப்களில் நேர் டபிள்யூ இரண்டு, எதிர் டபிள்யூ இரண்டு. எனவே இரண்டு நேர் மின்னூட்டத் துகள்களோ, இரண்டு எதிர் மின்னூட்டத் துகள்களோ சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. ஒரே குறியுள்ள இரண்டு, அல்லது மொத்தம் மூன்றும் அதற்கு மேலும். இந்த நிபந்தனையைப் போட்ட உடனே பதினோரு கோடி டாப் ஜோடிகளில் மிகப் பெரும்பாலானவை கழன்றுவிடுகின்றன. முட்டை ஓட்டின் மேல் விழுந்த அமிலம் இதுதான்.

இதற்கு விலை உண்டு. நான்கு-டாப் நிகழ்வுகளில் எட்டில் ஒரு பங்குதான் இந்த நிபந்தனைக்குள் வரும். 1,700 என்பது இருநூறைச் சுற்றி வந்து நிற்கிறது. உணர்கருவியில் தவறிப்போவதையும் கழித்தால் இன்னும் குறையும்.

மிச்சமிருக்கும் போலிகள் இரண்டு விதம். ஒன்று, உணர்கருவியின் பிழையால் வருவது. எலக்ட்ரான் ஒன்று வரும் வழியில் உலோகத்திலோ சிலிக்கானிலோ உரசி ஓர் ஒளித்துகளை வீசுகிறது. அந்த ஒளித்துகள் ஓர் எலக்ட்ரானாகவும், அதன் நேர் மின்னூட்ட எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானாகவும் பிரிகிறது. தடத்தைத் தேடும் மென்பொருள் தவறிப்போய்ப் பாசிட்ரானின் தடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதிர் என்பது நேர் ஆகிவிட்டது. சாதாரண டாப் ஜோடி ஒன்று நான்கு-டாப் வேடம் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. இது மிக அரிதாகத்தான் நடக்கிறது. ஆனால் பதினோரு கோடியில் அரிது என்பது எவ்வளவு?

இதை அளக்க அவர்கள் செய்வதைப் பாருங்கள். டபிள்யூவின் மின்னூட்டமில்லாத கூட்டாளியான இசட் போசான் எலக்ட்ரான் ஜோடியாகச் சிதைந்தால் ஒன்று நேர், ஒன்று எதிர் என்பது உறுதி. இசட் போசான் ஏராளமாகக் கிடைக்கிறது, அதன் நிறையும் துல்லியமாகத் தெரியும். எனவே அந்த நிறையைச் சுற்றி ஒரே குறியுள்ள எலக்ட்ரான் ஜோடிகள் எத்தனை தென்படுகின்றன என்று எண்ணுகிறார்கள். அவை அத்தனையும் கருவியின் தவறு. தவறு மட்டுமே இருக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே தவறின் விகிதத்தை அளந்து, அதை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தராசை நிறுக்க ஒரு தராசு.

இரண்டாவது விதப் போலிதான் ஆட்டிப் படைத்தது. டாப் ஜோடியோடு சேர்ந்து ஒரு டபிள்யூ போசான் உண்மையாகவே பிறக்கலாம். அதில் ஒரே குறியுள்ள துகள்கள் உண்மையாகவே வரும், பாட்டம் குவார்க்குகளும் உண்மையாகவே இருக்கும். கருவியில் பிழை ஏதுமில்லை. இயற்கையே செய்யும் போலி. இதன் அளவைக் கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கழித்துவிடலாம் என்றால், அட்லசும் சி.எம்.எஸ்.ஸும் தனித்தனியே அளந்தபோது இரண்டுக்குமே கோட்பாடு சொல்வதைவிடக் கூடுதலாகவே வந்தது. அந்தக் கூடுதலைக் கவனிக்காமல் பழைய எண்ணைக் கழித்தால், மிச்சத்தை நான்கு-டாப் என்று தப்பாக எண்ணிக்கொள்ள நேரும். அதனால் அட்லஸ் குழு 2023இல் அந்தப் போலிகளின் அளவை (இத்துறையில் பின்னணி என்பார்கள்) கோட்பாட்டிடம் கேட்காமல், தாரைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரவிலிருந்தே அளந்துகொள்ளும்படி பகுப்பாய்வை மாற்றிக்கொண்டது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் சூடுபட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. பட்டது இதே டாப் குவார்க்கில்தான். 1984இல் செர்னின், அதாவது இன்று கொலைடரை நடத்தும் அதே ஜெனீவா ஆய்வகத்தின், யு.ஏ.1 குழு டாப் குவார்க்குக்கான அறிகுறிகள் தென்பட்டதாக அறிவித்தது. நிறை 30 முதல் 50 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் என்றது. டபிள்யூ, இசட் போசான்களை முந்தைய ஆண்டுதான் கண்டுபிடித்திருந்த குழு அது. தலைவர் கார்லோ ரூபியாவுக்கு அதே 1984இல் நோபல் பரிசு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் அல்லர். இருந்தும் கையில் இருந்தது விரல்விட்டு எண்ணத்தக்க சில நிகழ்வுகள். அவற்றைப்போல் தோற்றம் தரும் சாதாரண நிகழ்வுகள் எத்தனை வரும் என்ற கணக்கு குறைவாகப் போடப்பட்டிருந்தது. தரவு கூடி, பின்னணிக் கணக்கும் சீரானபோது அந்த டாப் கரைந்துபோனது. உண்மையான டாப் அதைப்போல் நான்கு மடங்கு கனத்தோடு பதினோரு ஆண்டு கழித்து வேறொரு கண்டத்தில் வந்தது.

எண்களில் சொன்னால் இந்த ஆபத்து இன்னும் தெளிவாகும். ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடியில் உட்கார்ந்து மேலே போகும் வண்டிகளை எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக மணிக்கு 100 வண்டிகள். ஒரு நாள் 110 போனால் அதில் செய்தி ஒன்றுமில்லை. தற்செயலாக வரும் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூல அளவுக்கு இருக்கும், நூறுக்குப் பத்து. 150 வண்டிகள் போனால்? ஐந்து பத்துகள் அதிகம். இதைத்தான் ஐந்து சிக்மா என்கிறார்கள். தற்செயலாக இப்படி வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இந்தத் துறையில் கண்டுபிடிப்பு என்று சொல்ல இதுவே வரம்பு. மூன்று சிக்மாவுக்குச் சான்று என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நூறு என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள்? கோடை விழா வாரமா, மழை நாளா என்று தெரியாமல் சொன்ன சராசரி, உண்மையில் 80 முதல் 120 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றால், அந்த இருபதையும் பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சேர்த்தால் இருபத்திரண்டு சொச்சம். அதே 150 வண்டிகள், அதே ஐம்பது கூடுதல். இப்போது இரண்டு சிக்மாவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வண்டியைக்கூடக் குறைக்காமல் கண்டுபிடிப்பு காணாமல் போய்விட்டது. இன்னும் பத்து மணி நேரம் உட்கார்ந்து எண்ணினாலும் இந்தக் குறை தீராது. வழக்கம் எது என்று தெரிய வேண்டும்.

தற்செயலும் ஏமாற்றும்தான். 2015 டிசம்பரில் இரு குழுக்களின் தரவிலும் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒளித்துகள் ஜோடிகள் சற்று மிகுந்து தெரிந்தன. அடுத்த எட்டு மாதத்தில் அதை விளக்க நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் புதிய தரவு வந்தது, மேடு இல்லை. அது யாருடைய தவறும் அல்ல. நூறு இடத்தில் தேடினால் ஓரிடத்தில் அப்படித் தெரியத்தான் செய்யும். நிகழ்வுகளை எண்ணுவதற்கு முன்பே நிபந்தனைகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, அதன் பிறகே தரவைத் திறந்து பார்க்கும் வழக்கம் இதனால்தான். திறந்து பார்த்துவிட்டு நிபந்தனையை நகர்த்தினால் வேண்டியதையெல்லாம் வரவழைத்துவிடலாம்.

இப்போது நான்கு டாப்களின் கணக்கு. 2019இல் சி.எம்.எஸ். குழு தன் தரவைச் சலித்து 2.6 சிக்மா என்றது. 2020இல் அட்லஸ் 4.3 சிக்மா என்றது. 2023இல் அட்லஸ் 6.1, சி.எம்.எஸ். 5.6. இடையில் என்ன நடந்தது, தரவு கூடியதா என்றால் இல்லை. அதே 2015–2018 தரவுதான். 2019க்குப் பிறகு ஒரு மோதல்கூடப் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. சி.எம்.எஸ். போலி எலக்ட்ரான்களையும் போலி மியூவான்களையும் விலக்கும் முறையைத் திருத்திக்கொண்டது. அட்லஸ் ஒவ்வொரு துகளையும் புள்ளியாகவும் அவற்றிடையே உள்ள உறவைக் கோடாகவும் எடுத்துப் படிக்கும் செயற்கை நரம்பணு வலைப்பின்னலைக் கொண்டுவந்தது. பொருள் அதே பொருள், சல்லடை வேறு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உவப்பான இடம் இதுதான். இத்தனை கோடி செலவில் மோதவைத்த பிறகும், விடை கிடைத்தது பழைய குவியலை மறுபடி முறத்தில் போட்டுப் புடைத்ததில்.

சி.எம்.எஸ். குழுவில் சென்னை ஐ.ஐ.டி.யும் உறுப்பு, அந்த உணர்கருவியில் தாரைகளின் ஆற்றலை அளக்க உதவும் வெளிப்புற ஹாட்ரான் அளவியில் டாடா நிறுவனத்தாரின் கைவண்ணம் இருக்கிறது. செர்ன் வளாகத்தில் நிற்கும் நடராசர் சிலையைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், டாப் குவார்க்குக்கும் ஹிக்ஸ் போசானுக்கும் இடையிலான பிணைப்பு இந்த எண்ணிக்கையை நேரடியாகத் தொடுகிறது. டாப்களாகச் சிதையக்கூடிய இன்னும் கனமான, பெயர் தெரியாத துகள் எதுவும் இருந்தாலும் இங்கே கூடுதல் தெரியலாம். அட்லஸ் அளந்தது 22.5 ஃபெம்டோபார்ன், சி.எம்.எஸ். 17.7. எதிர்பார்த்தது 12ஐச் சுற்றி. இரண்டுமே கூடுதல்தான், ஆனால் அட்லசின் பிழை வரம்பு கீழ்ப்பக்கம் ஐந்தரை, கோட்பாட்டுக் கணக்கின் ஐயப்பாடு ஐந்தில் ஒரு பங்கு. இதை வைத்துப் புதிய துகள் என்று எழுதுகிறவர்கள் 1984ஐப் படிக்காதவர்கள்.

இன்னொரு சிக்கலும் மிஞ்சியிருக்கிறது. மூன்று டாப்கள் மட்டும் பிறக்கும் நிகழ்வு ஒன்று உண்டு; கணக்குப்படி அது நான்கைவிடவும் பல மடங்கு அரிது. தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஒரே குறித் துகள்கள், பாட்டம் குவார்க்குகள், தாரைகள் எல்லாம் அதிலும் உண்டு, வலைப்பின்னலும் திணறுகிறது. அட்லஸ் கட்டுரையில் இரண்டையும் இரு அச்சுகளாக வைத்து வரைந்த படத்தைப் பார்த்தால், மூன்று-டாப் கூடினால் நான்கு-டாப் குறைகிறது, இது கூடினால் அது குறைகிறது. தனித்தனியே பிரிக்கும் அமிலம் இன்னும் கைக்கு வரவில்லை. 2022 ஜூலையில் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் மோதல்கள் மறுபடி தொடங்கின. அந்தத் தரவு முழுதும் சேர்ந்த பிறகு அதே படத்தைத் திரும்ப வரைவார்கள்.